அமைடு வைத்த மாஃப்: கார்பன் டை ஆக்சைடு உண்மையிலேயே அமைடில்தான் ஒட்டுகிறதா?

புதுத்துளை:

எல்லோருக்கும் வணக்கம். முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். செம்புக் கணுக்களும் இரு முனையிலும் ஐசோதாலேட் கொண்ட நீண்ட லிங்கரும் (கணுக்களை இணைக்கும் கரிம மூலக்கூறு) சேர்ந்த ஒரு மாஃப், அதாவது உலோக-கரிமத் துளைத் திண்மம், செய்திருக்கிறேன். லிங்கரின் நடுவில் ஓர் அமைடு (சி=ஓவும் என்-எச்சும் அடுத்தடுத்து நிற்கும் தொகுதி). அமைடு இல்லாத பழைய மாஃபோடு ஒப்பிட்டால், 298 கெல்வினில், 1 பாரில் கிராமுக்கு 0.4 மில்லிமோல் கார்பன் டை ஆக்சைடு கூடுதலாக ஏறுகிறது. பரப்புக்கவர்ச்சி வெப்பமும் (வாயு துளைச் சுவரில் ஒட்டும்போது வெளிவரும் வெப்பம்) மோலுக்கு 25 கிலோஜூலிலிருந்து 29 ஆக உயர்ந்திருக்கிறது.

கட்டுரை வரைவில், "அமைடின் என்-எச், கார்பன் டை ஆக்சைடின் ஆக்சிஜனோடு ஹைட்ரஜன் பிணைப்பு ஏற்படுத்துவதே காரணம்" என்று எழுதச் சொல்கிறார்கள். புள்ளிக்கோடு போட்டுப் படமும் வரைந்தாயிற்று. ஆனால் உறுத்துகிறது. அந்தப் புள்ளிக்கோட்டை நான் எந்த அளவீட்டிலும் பார்க்கவில்லை. எடை ஏறியதையும் அழுத்தம் குறைந்ததையும் மட்டுமே பார்த்தேன். இதை வைத்து இப்படி எழுதலாமா?

பழைய ஜியோலைட்:

எழுதலாம். நூற்றுக்கணக்கானவர்கள் எழுதியிருக்கிறார்கள். சரியா என்பதுதான் வேறு கேள்வி.

தம்பி, முதலில் எண்ணிக்கை பாருங்கள். உங்கள் வாய்பாட்டு நிறை சுமார் 650 என்று வைத்துக்கொண்டால் கிராமுக்கு 1.5 மில்லிமோல் அமைடு இருக்கிறது. கூடுதலாக ஏறியது 0.4. அதாவது நான்கு அமைடுக்கு ஒரு விருந்தாளி, ஒன்றுக்கும் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். மற்ற அமைடெல்லாம் என்ன செய்கின்றன?

அடுத்தது செம்பு. துடுப்புச் சக்கர வடிவக் கணு என்றால், சூடேற்றிக் கரைப்பானை விரட்டியதும் ஒவ்வொரு செம்பிலும் ஓர் இடம் காலியாகும். எச்கஸ்ட்-1 என்ற செம்பு மாஃபில் நீல நிறம் அடர்வதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், அதே கதை. குறைந்த வெப்பநிலையில் முதலில் வரும் மூலக்கூறுகள் அந்தச் செம்பில்தான் போய் நிற்கின்றன. உங்கள் இரண்டு மாதிரிகளிலும் செம்பு ஒரே அளவுக்குக் காலியாக இருக்கிறது என்று எப்படித் தெரியும்? ஒன்றில் நன்றாகக் காலியாகி, இன்னொன்றில் கொஞ்சம் தண்ணீர் உட்கார்ந்திருந்தால் ஒப்பீடே போச்சு.

சமவெப்பம்:

அந்த 29 எப்படி வந்தது? 273, 298 இரண்டே வெப்பநிலைகளா?

ஆம் என்றால் ஒரு சின்னக் கணக்கு. கிளாசியஸ்-கிளப்பெய்ரான் சமன்பாட்டில் இந்த இரண்டு வெப்பநிலைகளைப் போட்டால், வெப்பம் = 27 கிலோஜூல் × (இரண்டு அழுத்தங்களின் விகிதத்தின் மடக்கை) என்று வரும். அந்த விகிதத்தில் 5 சதவீதப் பிழை இருந்தால் விடை 1.3 கிலோஜூல் நகரும். 10 சதவீதம் என்றால் 2.6. உங்கள் 4 கிலோஜூல் வித்தியாசம் எவ்வளவு மெல்லிய கிளையில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிகிறதா?

இதில் ஒரு வஞ்சகமான விஷயமும் உண்டு. 273இல் ஓர் ஓட்டம், மறுபடி சூடேற்றுதல், அப்புறம் 298இல் ஓர் ஓட்டம் என்றுதான் பலரும் செய்கிறோம். நடுவில் சூடேற்றும்போது மிச்சமிருந்த கரைப்பான் இன்னும் கொஞ்சம் போய்விட்டால், இரண்டாவது ஓட்டத்தில் இருப்பது அதே திண்மம் அல்ல. கருவி குறை சொல்லாது, அழகான வளைகோடு கொடுக்கும். நான் இப்படி ஒரு முறை 6 கிலோஜூல் "கண்டுபிடித்து", இரண்டு மாதம் சந்தோஷமாக இருந்தேன்.

மூன்று வெப்பநிலையாவது எடுங்கள். முதலில் எடுத்ததையே கடைசியிலும் ஒரு முறை எடுத்து, இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிகிறதா என்று பாருங்கள்.

படிகக்காரி:

புதுத்துளை, உங்கள் உறுத்தல் நியாயமானது. உங்கள் கேள்விக்கு ஏறக்குறைய நேரான பதில் 2016இல் வந்திருக்கிறது. எம்எஃப்எம்-136 என்று ஒரு மாஃப். அதிலும் செம்பு, அதிலும் துளைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அமைடு. ஆனால் லிங்கரில் உள்ள பிரிமிடின் வளையம் செம்பின் காலி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஜியோலைட் சார் சொன்ன குழப்பம் அங்கே கட்டமைப்பிலேயே ஒழிந்துவிட்டது. செம்பு கழிந்தது, அமைடு மட்டும் மிச்சம். இதைவிடச் சுத்தமான சோதனைக்களம் கிடைப்பது கஷ்டம்.

அது 20 பாரில், 298 கெல்வினில் கிராமுக்கு 12.6 மில்லிமோல் கார்பன் டை ஆக்சைடு எடுத்தது. நல்ல எண். இதைப் பார்த்த உடனே "அமைடின் புண்ணியம்" என்று எழுதிவிடலாம். அவர்கள் எழுதவில்லை. நியூட்ரான் விளிம்பு விளைவில் மூலக்கூறுகள் நிற்கும் இடங்களைத் தேடினார்கள். கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும் துளைக்குள் இருந்தன, ஆனால் அமைடோடு நேரடிப் பிணைப்பு எதுவும் இல்லை. மீட்சியற்ற நியூட்ரான் சிதறலும் அதையே சொன்னது.

அந்த இரண்டாவது முறையைக் கொஞ்சம் விளக்கினால்தான் அதன் அருமை புரியும். நியூட்ரானுக்கு ஹைட்ரஜன் என்றால் தனிப் பிரியம், மற்ற அணுக்களைவிடப் பல மடங்கு பலமாகச் சிதறும். எனவே நிறமாலையில் தெரிவதெல்லாம் பெரும்பாலும் மாஃபின் கூட்டில் உள்ள ஹைட்ரஜன்கள் ஆடும் ஆட்டம். கார்பன் டை ஆக்சைடில் ஹைட்ரஜனே கிடையாது, அது இந்த நிறமாலையில் கிட்டத்தட்டக் கண்ணுக்குத் தெரியாத ஆள். அது போய் ஒரு என்-எச் மீது சாய்ந்தால், என்-எச் ஆடும் விதம் மாறும், அந்த உச்சி நகரும். வந்தவரைப் பார்க்காமல், யார் தோளில் கை போட்டிருக்கிறார் என்பதை வைத்து அவர் இருக்குமிடத்தைச் சொல்வது மாதிரி.

இதே முறை எதிர்ப்பக்கமும் பேசியிருக்கிறது. 2012இல் வந்த நாட்-300 என்ற மாஃபில் அலுமினியத்தோடு இணைந்த ஓ-எச் தொகுதிகள் உள்ளன. அங்கே கார்பன் டை ஆக்சைடின் ஆக்சிஜன் அந்த ஓ-எச்சை நோக்கி நிற்பதும், சுற்றியுள்ள பென்சீன் வளையங்களின் சி-எச்கள் பக்கவாட்டில் துணைக்கு வருவதும் தெரிந்தது. ஆக "ஹைட்ரஜன் பிணைப்பு என்பதே கற்பனை" என்று யாரும் சொல்லவில்லை. நாட்-300இல் ஓ-எச் குறுகலான வழிக்குள் நேராக நீட்டி நிற்கிறது, வருகிறவர் அதைத் தாண்டிப் போகவே முடியாது. அகலமான துளையின் ஓரத்தில், வளையத்தின் நிழலில் ஒதுங்கிய அமைடைத் தேடி யார் போவார்கள்?

கணக்குப்பிள்ளை:

கொஞ்சம் எதிர்வாதம் செய்கிறேன். டிஎஃப்டி கணக்கில் (எலக்ட்ரான் அடர்த்தியை வைத்து ஆற்றலைக் கணிக்கும் கணினி முறை) அமைடு பக்கத்தில் கார்பன் டை ஆக்சைடை வைத்தால் பிணைப்பு ஆற்றல் ஒழுங்காகத்தான் வருகிறது. என்-எச் ஒரு பக்கம் ஆக்சிஜனைப் பிடிக்க, அமைடின் ஆக்சிஜன் இன்னொரு மூலக்கூறின் கார்பனைப் பார்க்க, வேதியியல் ரீதியாக இதில் தப்பே இல்லை. கார்பன் டை ஆக்சைடுக்கு இருமுனை கிடையாது, ஆனால் நான்முனை நைட்ரஜனைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. அது மின்புலச் சரிவு உள்ள இடத்தைத் தேடித்தான் போகும். அமைடு அப்படிப்பட்ட இடம்தானே?

படிகக்காரி:

வைத்தால் வரும். நீங்கள் "வைத்தீர்கள்" என்பதுதான் விஷயம்! துளை முழுக்கத் தேடவிட்டீர்களா, இல்லை அமைடு பக்கத்தில் உட்காரவைத்துத் தளர்த்தினீர்களா?

கணக்குப்பிள்ளை:

:) பிடிபட்டேன். பெரும்பாலும் உட்காரவைத்துத்தான்.

சரி, நேர்மையாகச் சொல்கிறேன். தேடல் உருவகப்படுத்தலை முதலில் ஓட்டி, எங்கே கூட்டம் சேர்கிறது என்று பார்த்து, அந்த இடங்களை மட்டும் டிஎஃப்டியில் சோதிப்பதுதான் முறை. அதிலும் லண்டன் விசைக்கான (எல்லா மூலக்கூறுகளுக்கும் இடையே உள்ள மெல்லிய ஈர்ப்பு) திருத்தம் சேர்க்காவிட்டால் விடை தலைகீழாகிவிடும். திருத்தம் இல்லாத கணக்கு, இரண்டு வளையங்களுக்கு நடுவே உள்ள இடுக்கின் பலத்தைக் குறைத்துக் காட்டும், முனைவுள்ள தொகுதியைத் தூக்கிக் காட்டும். பழைய ஆய்வுகள் பலவற்றில் அமைடு ஜெயித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று சந்தேகப்படுகிறேன்.

இன்னொன்று: நாங்கள் கணக்கிடுவது பூஜ்ஜியம் கெல்வினில் ஒற்றை மூலக்கூறு. 298இல் சமநிலை மாறிலி பத்து மடங்கு உயர 5.7 கிலோஜூல் தேவை, அதுவும் என்ட்ரோபி அப்படியே இருந்தால். ஒரே பக்கம் பார்த்து இறுக்கமாக நிற்கச் சொன்னால் மூலக்கூறு சுழலும் சுதந்திரத்தை இழக்கும். அமைடு கொடுக்கும் சில கிலோஜூலை என்ட்ரோபி அப்படியே வாங்கிக்கொண்டு போய்விடலாம்.

பழைய ஜியோலைட்:

அப்படியே நியூட்ரான்காரர்களிடமும் கேளுங்கள். அவர்கள் சில கெல்வின் வரை குளிர்வித்துத்தான் படம் எடுக்கிறார்கள். அங்கே அமைதியாக ஓரிடத்தில் படுத்திருக்கும் மூலக்கூறு 298இல் துளை முழுக்க அலைந்துகொண்டிருக்கலாம்.

படிகக்காரி:

உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் குளிரிலேயே அமைடைத் தேடிப் போகாதவர், வெயிலில் போய்விடுவாரா?

புதுத்துளை:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு பேர் வருவீர்கள் என்று நினைக்கவில்லை. ஒரு சந்தேகம். அமைடு சரி. ஆனால் அமீன் வைத்தவை எல்லாம் நன்றாக வேலை செய்கின்றனவே? யூஐஓ-66 என்ற மாஃபில் அமீன் சேர்த்தால் கார்பன் டை ஆக்சைடு கூடுகிறது என்று பாடம் மாதிரிச் சொல்கிறார்கள்.

நிறமாலை:

அமீன் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு ஆசாமிகள் இருக்கிறார்கள், அதுதான் இந்தத் துறையின் பெரிய குழப்பம்.

பென்சீன் வளையத்தில் நேரடியாக ஒட்டிய அமீனின் தனித்த எலக்ட்ரான் இணை வளையத்துக்குள் பாதி கரைந்துபோயிருக்கும். காரத்தன்மை குறைவு. அது கார்பன் டை ஆக்சைடோடு வேதிவினை புரிந்து கார்பமேட் (நைட்ரஜன் அந்தக் கார்பனோடு பிணைந்த சேர்மம்) ஆவதில்லை. யூஐஓ-66, மில்-53 அமீன் வகைகள் எல்லாம் இந்த ஆசாமிதான். அமீன் வைத்த அலுமினிய மில்-53இன் கதை கேட்கத்தக்கது. கார்பன் டை ஆக்சைடையும் மீத்தேனையும் அது நன்றாகப் பிரித்ததும், அமீன்தான் பிடிக்கிறது என்று முதலில் நினைத்தார்கள். 2011இல் நிறமாலையோடு கணக்கும் சேர்த்துப் பார்த்தபோது, அமீனுக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் நேரடிப் பிடிப்பே தெரியவில்லை. அந்த மாஃப் மூச்சுவிடும் வகை, துளை சுருங்கி விரியும். அமீன் செய்தது, துளை எப்போது சுருங்கி எப்போது திறக்கும் என்பதை மாற்றியதுதான். ஆள் வாசலில் நிற்கவே இல்லை, கதவின் கீலை மாற்றிவிட்டிருக்கிறார்.

ஆனால் வளைய அமீன் எப்போதுமே சும்மா இருக்கும் என்றும் சொல்லிவிடக்கூடாது. 2010இல் துத்தநாகம், அமினோட்ரையசோல், ஆக்சலேட் சேர்ந்த ஒரு மாஃபில் கார்பன் டை ஆக்சைடு அமீன் பக்கத்தில் நிற்பதை எக்ஸ் கதிரிலேயே நேராகப் பார்த்தார்கள். அங்கேயும் கார்பமேட் இல்லை, மென்மையான ஈர்ப்புதான், லண்டன் விசைக்கு அதில் பெரிய பங்கு.

இரண்டாவது ஆசாமி, வளையமில்லாத கார்பன் சங்கிலியில் ஒட்டிய அமீன். இரு முனையிலும் அமீன் உள்ள டைஅமீனின் ஒரு முனையை மெக்னீசிய மாஃபின் காலி உலோக இடத்தில் கட்டிவிட்டு, மறுமுனையைத் துளைக்குள் தொங்கவிடுவார்கள். இங்கே நடப்பது உண்மையான வேதிவினை. சமவெப்பக் கோடு (ஒரே வெப்பநிலையில் அழுத்தம் கூடக்கூட ஏற்றம் எவ்வளவு என்று காட்டுவது) வழக்கம்போல மெதுவாக ஏறாமல், குறிப்பிட்ட அழுத்தம் வரை சும்மா இருந்துவிட்டுப் படிக்கட்டு மாதிரி திடீரென்று எழும். ஏன் என்பது 2015இல் தெளிவானது. கார்பன் டை ஆக்சைடு உலோகத்துக்கும் நைட்ரஜனுக்கும் நடுவில் புகுந்துகொள்கிறது. கார்பமேட்டின் ஆக்சிஜன் உலோகத்தைப் பிடிக்க, புரோட்டான் பக்கத்து அமீனுக்குப் போய் அது அம்மோனியம் ஆகிறது. அதனால் அதற்கும் அடுத்ததில் புகுவது எளிதாகிறது. இப்படியே துளை நெடுகச் சங்கிலி. பிணைப்பு வெப்பம் 70 கிலோஜூல் அளவில். உலோகத்தை மாற்றினால் படிக்கட்டு நிற்கும் அழுத்தமே மாறுகிறது. மாங்கனீசு, இரும்பு, கோபால்ட், துத்தநாகம் எல்லாவற்றிலும் படி இருந்தது. நிக்கலில் அமீனை உலோகம் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்ததால் அவர்கள் பார்த்த வரம்புக்குள் படியே வரவில்லை.

உங்கள் 29 கிலோஜூலை இதோடு ஒப்பிடாதீர்கள். அது வேறு உலகம்.

சமவெப்பம்:

எண்களை ஒரு தராசில் வைக்க: மெக்னீசிய மாஃப்-74இல் காலி மெக்னீசியம் நேராக ஆக்சிஜனைப் பிடிக்கும், 47 கிலோஜூல் அளவு. செம்பின் பிடி அந்த அளவுக்கு வராது. சிஃப்சிக்ஸ்-3 துத்தநாகம் என்ற மாஃபில் காலி உலோகமும் இல்லை, அமீனும் இல்லை. துளை 4 ஆங்ஸ்ட்ராமுக்கும் கொஞ்சம் கீழே, சுவரில் ஃப்ளோரின். கார்பன் டை ஆக்சைடின் இயக்க விட்டம் 3.3. கார்பனை நான்கு பக்கமும் ஃப்ளோரின் பார்க்கும், அதற்கே 45 அளவுக்கு வந்துவிடுகிறது. கால்ஃப்-20 என்ற மாஃபில் சொல்லிக்கொள்ளும்படி எந்த வினைச்செயல் தொகுதியும் துளைக்குள் இல்லை. கார்பன் டை ஆக்சைடு துளையின் நடுவில் நின்று எல்லாச் சுவரையும் ஒரே நேரத்தில் தொடுகிறது, 39 அளவு.

29 என்பது துளை லேசாகக் குறுகினாலே வரக்கூடிய எண்.

பழைய ஜியோலைட்:

கால்ஃப்-20க்கு இன்னொரு குணம், காற்றில் 40 சதவீத ஈரப்பதம் வரை கார்பன் டை ஆக்சைடுக்கு முன்னுரிமை கொடுக்கிறது. மாஃப்-74 அந்த ஈரத்தில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மற்றதைக் கைவிட்டுவிடும். என்-எச், ஓ-எச் என்று அலங்காரம் செய்கிறவர்கள் மறப்பது இதைத்தான். கார்பன் டை ஆக்சைடுக்குப் பிடித்த முனைவுள்ள இடம் தண்ணீருக்கு இன்னும் அதிகமாகப் பிடிக்கும். மாஃப்களுக்கு 2025 வேதியியல் நோபல் பரிசு கிடைத்த பிறகு துளைகளை அறைகள் என்று எல்லோரும் பேசுகிறார்கள். அறையின் அளவைப் பார்க்காமல் பெயர்ப்பலகையையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

புதுத்துளை:

புரிகிறது. அப்படியானால் அமைடைச் சோதிக்க ஒரு வழி தோன்றுகிறது: நைட்ரஜனில் மெத்தில் போட்டு என்-எச்சை அழித்துவிட்டால்? கவர்ச்சி குறைந்தால் என்-எச் காரணம், குறையாவிட்டால் இல்லை.

நிறமாலை:

நல்ல யோசனை மாதிரித் தெரியும், செய்யாதீர்கள். இரண்டு பக்கமும் வளையம் உள்ள அமைடில் நைட்ரஜனுக்கு மெத்தில் போட்டால், நேராக இருந்தது சிஸ் வடிவத்துக்கு மடங்கிவிடும். லிங்கரே வளைந்துபோகும், அதே மாஃப் வராது. அப்புறம் நீங்கள் ஒப்பிடுவது இரண்டு வேறு வீடுகளை.

அமைடின் இடத்தில் டிரான்ஸ் இரட்டைப் பிணைப்பு வைத்த லிங்கர் செய்யுங்கள். நீளமும் வளைவும் ஏறக்குறைய அதேதான், முனைவு மட்டும் போய்விடும். அசிட்டிலீன் பிணைப்பும் வைப்பார்கள், ஆனால் அது நேர்கோடு, வடிவம் கொஞ்சம் மாறும்.

அதற்கு முன் செலவில்லாத ஒரு வேலை. மாதிரியை அகச்சிவப்பில் வைத்து, வெற்றிடத்திலும் கார்பன் டை ஆக்சைடு விட்டும் என்-எச் உச்சியைப் பாருங்கள். அப்புறம் கொஞ்சம் மாதிரியை அமிலத்தில் கரைத்து என்எம்ஆர் எடுங்கள். டிஎம்எஃப்பில்தானே செய்தீர்கள்? 153 டிகிரியில் கொதிக்கும் கரைப்பான், அதுவும் ஓர் அமைடு. உங்கள் அமைடோடு கைகோக்க அதைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

புதுத்துளை (மூன்று வாரம் கழித்து):

திரும்பி வந்துவிட்டேன், கொஞ்சம் அசட்டுச் சிரிப்போடு.

கார்பன் டை ஆக்சைடு விட்டபோது என்-எச் உச்சி அசையவில்லை. ஆனால் மாதிரியை நீண்ட நேரம் சூடேற்றியபோது அசைந்தது! என்எம்ஆரில் 7.9 பிபிஎம் பக்கத்தில் டிஎம்எஃப்பின் ஃபார்மைல் ஹைட்ரஜன் தெளிவாக உட்கார்ந்திருந்தது, ஆறேழு லிங்கருக்கு ஒன்று என்ற அளவில். பழைய மாஃபில் அது கண்டுபிடிக்கக்கூடிய அளவில் இல்லை. ஆக, அமைடை அவ்வளவு நாளும் பிடித்துவைத்திருந்தது டிஎம்எஃப்தான்.

மெத்தனாலில் நான்கு நாள், தினமும் மாற்றி மாற்றி ஊறவைத்து, அப்புறம் வெற்றிடத்தில் சூடேற்றினேன். நிறம் முன்னைவிட அடர்த்தியானது. மூன்று வெப்பநிலைகள் எடுத்து, முதலாவதை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன், படிகிறது. பரப்பளவு கூடியது. வெப்பம் 29இலிருந்து 26க்கு இறங்கிவிட்டது. பழைய மாஃபின் 25இலிருந்து அதைப் பிரித்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

விசித்திரம் என்னவென்றால் 1 பாரில் கூடுதல் ஏற்றம் முழுவதும் போகவில்லை. 0.4 இருந்த இடத்தில் 0.2 இருக்கிறது.

சமவெப்பம்:

விசித்திரம் இல்லை. டிஎம்எஃப் துளையைக் குறுக்கி வெப்பத்தை உயர்த்தியது, கூடவே இடத்தையும் அடைத்தது. அது போனதும் இரண்டும் மாறின. மிச்சமுள்ள 0.2ஐ 0.05 பாருக்குக் கீழே பாருங்கள். அங்கேயும் அதே விகிதத்தில் வித்தியாசம் இருந்தால் பிடிமானம் சம்பந்தப்பட்டது. அங்கே கோடுகள் ஒன்றாகப் போய் மேலே மட்டும் பிரிந்தால் துளை வடிவம், கொள்ளளவு சம்பந்தப்பட்டது.

புதுத்துளை:

இப்போதுதான் பார்த்தேன். கீழே இரண்டும் ஒன்றாகத்தான் போகின்றன. 0.3 பாருக்கு மேல்தான் பிரிகின்றன.

படிகக்காரி:

அப்படியானால் வரைவிலிருந்து புள்ளிக்கோட்டை எடுத்துவிடுங்கள். இரட்டைப் பிணைப்பு லிங்கர் தயாரானதும் சொல்லுங்கள், இரண்டையும் சேர்த்து நியூட்ரான் கருவியில் நேரம் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஒரே அளவு வாயு விட்டு ஒரு படம் எடுப்பதில் பயனில்லை. செம்புக்கு அரை மூலக்கூறு, ஒன்று, இரண்டு என்று மூன்று நிலை வேண்டும். முதலில் எந்த இடம் நிரம்புகிறது, அது நிரம்பிய பிறகு அடுத்தவர் எங்கே போகிறார் என்பது அப்போதுதான் தெரியும். மாதிரி ஒரு கிராமுக்குக் குறையாமல் வையுங்கள், டிஎம்எஃப் இல்லாமல்.

புதுத்துளை:

ஒரு கிராமா! இதுவரை ஒரே தடவையில் 80 மில்லிகிராமுக்கு மேல் செய்ததில்லை. சரி அக்கா, ஆரம்பிக்கிறேன்.